பாதி காய்ந்த சுவர்

பெயிண்ட் ரோலர் ஒன்று ஹால் சுவருக்கு ஒரே சீராகப் பெயிண்ட் அடித்து முடித்தது. ஓரிடம் மட்டும் எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளிறியிருந்தது.

"இப்போ தொடாதே. நான் பாதிதான் காய்ஞ்சிருக்கேன். ரெண்டாவது கோட்டிங்ல அது மறைஞ்சிடும்" என்றது சுவர்.

"ஒரே ஒரு தடவை" என்று ரோலர் உருட்டியது. பெயிண்ட் உரிந்து வந்தது. அதைச் சரிசெய்ய மறுபடி உருட்டியது. ஏழு தடவை உருட்டியதில் எலுமிச்சம்பழம் அளவு தாம்பாளம் அளவானது.

"அடப்பாவி, நிறுத்துடா! உப்புத்தாளை வச்சு என்னைத்தானே தேய்ப்பாங்க!" என்று சுவர் கத்தியது.

"உனக்கு நல்லது செஞ்சா இப்படித்தான் கத்துவே" என்றது ரோலர்.

மறுநாள் பெயிண்டர் சுவரைப் பரபரவென்று தேய்த்தார். கழுவி ஜன்னலில் காயவைத்திருந்த ரோலர் அவரிடம் சொன்னது: "அண்ணே, அந்த மூலையும் சரியில்லை. அங்கேயும் நல்லாத் தேயுங்க."