சத்தமில்லாத கார்டு

மேசைமேல் இரண்டு திரைகளில் ஒரே கடல் உருவாகிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஒப்படைக்க வேண்டிய அனிமேஷன் காட்சி. ஒரு கம்ப்யூட்டரில் அவளுடைய பழைய கிராஃபிக்ஸ் கார்டு. மற்றதில், ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் கொடுத்தனுப்பிய புதியது. பழையதின் விசிறிகள் இரைகின்றன. பாதிக் கடல் இன்னும் சாம்பல் கட்டங்களாகவே கிடக்கிறது. புதியது மூச்சுக் காட்டாமல் அலையைக் கரைவரை கொண்டுவந்துவிட்டது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நகத்தைக் கடிக்கிறாள், கால் தானாக ஆடுகிறது. திரைச்சீலை இடுக்கில் நுழைந்த வெயில், மேசையருகே குழந்தை தூங்கும் தொட்டில்மேல் நடுங்குகிறது.

“இன்னுமா முடிவு பண்ணல?” கணவன் போனோடு கதவருகில் நிற்கிறான். “கடைக்காரர் லைன்ல இருக்காரு.”

“மெமரி ரெண்டு மடங்கு. சூடும் கம்மி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.”

“அப்புறம் என்ன?”

அவள் பழையதின் ஓட்டத்தை நிறுத்துகிறாள். விசிறிகள் அடங்குகின்றன. தொட்டிலில் கைக்குழந்தை காலை உதைக்கிறது, உதடு பிதுங்குகிறது. அவசரமாக மறுபடி ஓடவிடுகிறாள். வரைந்த பாதிக் கடலும் போய், முதலிலிருந்து தொடங்குகிறது. இரைச்சல் எழ எழ, குழந்தையின் மூடிய கை மெல்ல விரிகிறது.

கணவன் போனைப் பொத்திக்கொள்கிறான். “அவர்கிட்ட என்ன குறைன்னு சொல்ல?”

“சத்தமே வரலைன்னு சொல்லுங்க.”

புதியதில் கடல் முடிந்துவிட்டது. அவள் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கால் இன்னும் ஆடுகிறது.