ஐம்பதாவது நிமிடம்

"இருக்கிற லேப்டாப்பையே ஓவர்கிளாக் பண்ணி, அதோட வேகத்தை வலுக்கட்டாயமா ஏத்தி விரட்டறதா, இல்ல வேகமான புது மாடல் வாங்கறதா? ரெண்டுல ஒண்ணு இன்னிக்கு முடிவாகணும்!"

காலையிலேயே மாமனார் குரலை உயர்த்தினார். கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுப்பவர். கோபமும் பிடிவாதமும் கூடப் பிறந்தவை.

"ரெண்டும் வேண்டாம் மாமா. இதுவே போதும்" என்றாள் மருமகள். அவளும் வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்தான். "ஓவர்கிளாக் பண்ணினா சூடேறி மொத்தமா போயிடும். புதுசு வாங்கினா பழகவே ஒரு மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள படம் போகலேன்னா இன்ஜினியர் வேற ஆளைப் பார்த்துப்பார். அதுதானே உனக்கு வேணும்?"



அந்த லேப்டாப்புக்கு வந்த நோய் விசித்திரமானது. ஐம்பது நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் விசிறிச் சத்தம் மெல்ல அடங்கும். திரை கறுத்துப்போகும். எதை அமுக்கினாலும் அசையாது. சரியாகப் பத்து நிமிடம் கழித்து, யாரும் தொடாமலே, விட்ட இடத்திலிருந்து விழித்துக்கொள்ளும்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கறுத்த திரையில் அவர் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கதவு தெரியும். பக்கத்தில் மனைவியின் காலி நாற்காலி தெரியும். போன வருடம் கண்ணை மூடும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். மணிக்கொரு தரம் குரல் கொடுப்பாள்.

"போதும். எந்திரிச்சு நாலு எட்டு நடங்க."

இரண்டு தடவை அந்தக் கறுப்பில் ஒரு பெண் உருவம் தெரிந்தது. கதவோரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. திரைச்சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து, திரை கறுத்தால் போதும், மனிதர் விழுந்தடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார். தெருமுனைவரை போய், படபடப்பு அடங்கியபிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்புவார். ஆறு மாதம் முன்பு காலில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "மணிக்கொரு தரம் நடக்கலேன்னா அடுத்த தடவை உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். அதை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மருமகள் ஞாபகப்படுத்தினால், "எனக்கே புத்தி சொல்றியா?" என்று எரிந்து விழுந்தார்.

நேற்று சாயங்காலமும் அதே கதைதான்.

"மாமா, கால் மறுபடி வீங்கின மாதிரி இருக்கே?"

"உங்க அத்தை செத்தும் என்னைக் கவனிச்சுக்கறா. நீ உயிரோட இருந்து என்னத்தைக் கிழிக்கறே?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. உள்ளே போய்விட்டாள்.

இன்று காலை திரை கறுத்தது. பத்து நிமிடம் ஆயிற்று. விழிக்கவில்லை. பன்னிரண்டு, பதிமூன்று... பதினைந்தாவது நிமிடம்தான் உயிர் வந்தது. போனவளுக்கு என்ன கோபமோ!

மருமகள் தடுத்தும் கேட்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார்.

கடைக்காரர் அரை மணி நேரம் குடைந்தார்.

"சார், ஓவர்கிளாக்கும் வேண்டாம், புதுசும் வேண்டாம். மெஷின் கல்லு மாதிரி இருக்கு. நடுநடுவுல நிக்கறதுக்குன்னே யாரோ உள்ளே ஒரு சின்ன புரோகிராம் எழுதி வச்சிருக்காங்க."

"என் சம்சாரம்தான்" என்றார் இவர்.

"அப்போ அவங்களையே எடுக்கச் சொல்லிடுங்களேன்."

"அவ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆச்சு."

கடைக்காரர் கை அப்படியே நின்றது. குனிந்து மறுபடி திரையைப் பார்த்தார்.

"இல்லையே சார்... எழுதியே ஆறு மாசம்தான் ஆகுது. நேத்து சாயங்காலம்கூட யாரோ கை வச்சிருக்காங்க. பத்து நிமிஷத்தைப் பதினஞ்சா மாத்தியிருக்காங்க."

நேற்று சாயங்காலம்.

இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எடுத்துடட்டுமா சார்?"

"வேண்டாம். இருக்கட்டும்."

வீட்டில் மருமகள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"கடையில என்ன மாமா சொன்னாங்க?"

"அதை ஒண்ணும் பண்ண முடியாதாம்."

நேரே வேலையில் உட்கார்ந்தார். இன்ஜினியருக்கு போன் போட்டு, "சனிக்கிழமைதான் தர முடியும்" என்றார். அந்தப் பக்கம் சத்தம் போட்டது. இவர் அசரவில்லை.

ஐம்பதாவது நிமிடம். விசிறிச் சத்தம் அடங்கியது. திரை கறுத்தது. காலி நாற்காலி தெரிந்தது. கதவோரம் அந்தப் பெண் உருவம் வந்து நின்றது.

இந்தத் தடவை அவர் ஓடவில்லை. திரும்பவும் இல்லை. கறுத்த திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீயும் செருப்பை மாட்டிக்கிட்டு வாம்மா. பதினஞ்சு நிமிஷம் தனியா நடக்க முடியல."