சார்செல்காரன்

சார்செல்லில் இருக்கும் எவனோ ஒருவன் இன்றைக்கும் முகிலனின் மனைவியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

கோவில்பத்து ஸ்டூடியோவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் முகிலன்தான். மாதிரிக்கு வைத்த கல்யாண வீடியோக்களோடு, ஐந்து வருடத்துக்கு முந்தைய தன் கல்யாணத்தையும் சேர்த்திருந்தான். எந்த ஊரில் எந்த வீடியோவை ஓட்டுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று காட்டும் அனலிட்டிக்ஸைப் பொருத்தியவனும் அவனே. வினையைத் தேடிப் போய் வாங்கிக்கொண்டான்.

பாரிஸ் பக்கத்து ஊரான சார்செல் தினமும் அதில் வந்தது. அதுவும் முகிலன் கல்யாணத்து நலுங்குக் கட்டம் மட்டும். ஓட்டுவான், நிறுத்துவான், திரும்ப அதையே ஓட்டுவான்.

முகிலனும் ஓட்டிப் பார்த்தான். உறவுக்காரப் பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூச, கூச்சத்தோடு சிரித்தாள் ஜெயப்ரியா. அவன் கண் அவளை விட்டு அகலவில்லை. இந்தச் சிரிப்பையா ஒருத்தன் அங்கே உட்கார்ந்து ரசிக்கிறான்?

சாப்பிடும்போது கேட்டான். "சார்செல்ல நமக்கு யாரு இருக்கா?"

"அருள் அத்தான்தான். நீங்க செஞ்ச வெப்சைட்டுன்னு நான்தான் பெருமையா அட்ரஸ் குடுத்தேன்."

அத்தான்! அருள்ராஜ், கடலோரக் கிளிஞ்சல்மேட்டு முறைப்பையன். சின்ன வயதில் இவளுக்கென்று பேசி வைத்திருந்தவன். பிரான்ஸ் நேஷனாலிட்டிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான்.

"ஊருப் பக்கம் வரமாட்டாராமா உன் அத்தான்?"

"எங்க? சுனாமி கருமாதிக்கு வந்ததோட சரி, நாலு வருஷமாச்சு. இன்னொரு துண்டு மீன் வைக்கவா?"

"எனக்கு வேணாம். உன் அத்தானுக்கு அனுப்பு."

"போய்ச் சேரறதுக்குள்ள ஊசிப்போயிடும்ங்க" என்று சிரித்தாள். அதே சிரிப்பு.

கையைக் கழுவிய கையோடு வீடியோவை வெப்சைட்டிலிருந்து எடுத்துவிட்டான். மறுநாள் சார்செல்காரன் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து ஏமாந்திருந்ததைப் பார்த்ததும், வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அத்தான் உங்கள்ட்டதான் பேசணுமாம்" என்று நீட்டினாள் ஜெயப்ரியா. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடும் வேகத்தில் வாங்கினான் முகிலன்.

"அண்ணே, உங்க கல்யாண வீடியோவைக் காணோம். திரும்பப் போட முடியுமா?"

"எங்க கல்யாணத்துல உனக்கு அப்படி என்னப்பா பாக்க வேண்டியிருக்கு?"



"நலுங்குல மொத ஆளா சந்தனம் பூசுறது எங்கம்மாண்ணே... அவங்க முகம் இருந்த வேற எதையும் கடல் விட்டு வைக்கல."