நாக்குக்கு அடியில் ஒரு சாட்சி

பிரேதப் பரிசோதனை மருத்துவர் கைசாருக்கு அல்மாத்தி நகரமே எழுந்து நிற்கும். மாமனார் வீட்டில் மட்டும் அவருக்கு நெஞ்சுக்கறிதான்.

மாப்பிள்ளைக்கு ஆட்டின் நெஞ்சு, பெரிய விருந்தாளிக்குத் தலை என்பது கசாக் வழக்கம். இன்று தலை போலீஸ் மேஜர் தொக்தாருக்குப் போயிருந்தது. பக்கத்து ஊர் விதவை குல்பாஷின் ஒரே கிடா களவு போனதை விசாரிக்க வந்தவர், கறி வாசனை பிடித்து உட்கார்ந்துவிட்டார். கிடா போனால் மந்தையே போச்சு என்று குல்பாஷும் அழுதபடி ஓரமாக இருந்தாள்.

"அழாதேம்மா. அதை எவன் வண்டியில ஏத்தினானோ, அவனை இன்னிக்கே என் ஜீப்புல ஏத்துறேன்" என்றார் மேஜர், வாய் நிறைய நாக்கோடு.

கைசார் நேற்றுதான் மனைவியோடு வந்திருந்தார். தேயிலை, சர்க்கரை, ஆடு, மாமியாருக்குச் சால்வை என்று சீரில் குறை வைக்கவில்லை. இருந்தும் மாமனார் ஒராஸ்பாய் விடுவதாயில்லை.

"பொணத்தோடயே குடித்தனம் பண்றீங்களே மாப்ள, அப்படி என்னதான் படிச்சீங்க?"

கைசாருக்குச் சுருக்கென்றது. மேஜர் நாக்கைத் தின்றுவிட்டு ஒதுக்கிய எலும்பை எடுத்து மாமனாரிடம் காட்டினார்.

"இதைத்தான் மாமா. நாவடி எலும்பு. கழுத்தை நெரிச்ச கேஸுன்னா இதைத்தான் முதல்ல பாப்போம். ஆம்பளைக்குப் பெருசா அகலமா இருக்கும், பொம்பளைக்குச் சின்னதா இருக்கும். ஆட்டுக்கு மட்டும் வேறயாவா இருக்கும்?"

"அப்போ இது?" என்றார் மேஜர்.

கைசார் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சந்தேகமே இல்ல. கிடா."

குல்பாஷின் அழுகை நின்றது. மேஜர் மெல்லுவதை நிறுத்தினார். "பெட்டைதானே அறுத்ததாச் சொன்னீங்க, பெரியவரே?"

ஒராஸ்பாயின் முகம் வெளிறியது. கைசாரின் மனைவி அவர் காலை ஓங்கி மிதித்தாள். மகள் அப்பனுக்குத்தான் பரிந்து வருவாள் என்று கைசார் நினைத்துக்கொண்டார். கிழவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை வருஷம் தின்ற நெஞ்செலும்பு அவரைப் பேச வைத்தது.

"மாமனாரா இருந்தா என்ன? எலும்பு பொய் சொல்லாது மேஜர். நான் எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்."

ஒராஸ்பாய் பெருமூச்சு விட்டார்.

"உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் மாப்ள பெட்டைன்னு சொன்னேன். என் பெட்டைங்க எல்லாம் பட்டியிலதான் நிக்குது..."

அவர் கைசாரை நேராகப் பார்த்தார். "...பானையில வெந்தது, 'அருமையான பெட்டை, ரோட்டோரமா சல்லிசாக் கெடச்சது'ன்னு, வாலைத் தூக்கிக்கூடப் பாக்காம நேத்து நீங்க கொண்டு வந்த சீர்!"