ஒப்பிட்டுப் பார்க்க

"அவளைக் கூப்பிட வேண்டாம் டாக்டரம்மா. முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளியே பெஞ்சின் ஓரத்தில் அவர் மனைவி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

தொழுநோய்க்கான மாத்திரைகளை ஒரு வருடம் தவறாமல் விழுங்கி முடித்தவர் அவர். முடித்த பிறகு காய்ச்சலும், கைகால்களில் சிவந்த கட்டிகளும் கிளம்பின. அதற்கும் மருந்து கொடுத்தார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் அளந்து பார்க்கும் ஆய்வு ஒன்று இந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டில் நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். மனைவியும் கையை நீட்டினாள்.

"ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அளவு நல்லா ஏறியிருக்கு" என்றார் டாக்டர்.

"தெரிஞ்சதுதான். நோய் திரும்பிடுச்சு." அவர் குரல் தணிந்தது. "கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. இன்னைக்கே அங்க போயிடறேன்."

எதற்கு என்று டாக்டர் கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார். மாத்திரை சாப்பிட்ட காலமெல்லாம் அவருடைய தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டவள். பக்கத்து வீட்டார் முகம் சுளித்தபோது வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவள். இந்த ஒரு வாரமாகச் சேர்ந்து சாப்பிடுவதில்லை. ஏதாவது கேட்டால் தலையாட்டலோடு சரி. நேற்று ஆசையாகக் கன்னத்தைத் தொடப்போனவரின் கையைத் தட்டிவிட்டாள்.

"அவளைக் குத்தம் சொல்லலைங்க. அவளும் எவ்வளவுதான் தாங்குவா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உங்க கதையை முதல்ல முடிச்சுடறேன். கிருமியெல்லாம் எப்பவோ செத்தாச்சு. அது தெரியாம உங்க உடம்பு செத்த பாம்பை அடிச்சிட்டிருந்தது. இப்பதான் கம்பைக் கீழ போட்டிருக்கு. இறங்கியிருக்கிற அளவு உங்களோடது."

அவருக்குப் போன உயிர் திரும்பியது. மறுநொடியே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்போ ஏறியிருக்கிறது அவளுக்கா? நான் கொடுத்துட்டேனா?"

இந்த அளவு என்ன நோய் என்று சொல்லாது, உடம்பு எதனோடோ மல்லுக்கட்டுகிறது என்று மட்டும்தான் சொல்லும் என்றார் டாக்டர். அவள் தோலையும் நரம்புகளையும் போன தடவையே பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றார். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அவரே கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். தாடையில் விரல் பட்டதும் அவள் துள்ளிவிட்டாள். டாக்டர் டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்தார். கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சீழ் கோத்திருந்தது.

"இந்த வலியோட எப்படிம்மா சாப்பிட்டே, எப்படிப் பேசினே? இவர்கிட்ட ஏன் சொல்லலை?"

அவள் கணவன் பக்கம் திரும்பாமல், பல்லில் பல் படாமல் முணுமுணுத்தாள்.

"சொன்னா, உடனே பல்லைப் பிடுங்கக் கூட்டிட்டுப் போயிடுவாருங்க."