ஏகாம்பரத்தின் பெயரில் ஒரு ரசீது

கிளாஸை பெஞ்சின் இடது ஓரத்தில் வைத்தாள். அது அவர் இடம்.

குவார்ட்டரின் மூடியைத் திருகினாள். பாதிதான் ஊற்றியிருப்பாள்.

விசில்.

அந்தச் சத்தத்துக்குப் பூங்காவிலிருந்த நான்கு காதல் ஜோடிகளும் ஐந்தடி இடைவெளிக்கு வந்தன. செம்பருத்திகூட ஒருமுறை மூடித் திறந்தது.

காவலாளி டில்லிபாபு ஓடி வந்து, கம்பால் அறிவிப்புப் பலகையைத் தட்டினார். அதில் இருபத்திரண்டு ‘கூடாது’கள். மூச்சு விடுவதை மட்டும் மறந்துவிட்டிருந்தார்கள். முதலாவது சிவப்பில்: மது அருந்தக் கூடாது. மீறினால் ஐநூறு ரூபாய்.

“இன்னா யம்மா இது, பட்டப்பகல்ல?”

அவள் நிமிரவில்லை. பையிலிருந்து இலையை எடுத்து, கிளாஸுக்குப் பக்கத்தில் பிரித்தாள். சோறு, வடை, கருவாட்டுக் குழம்பு.

காலையிலிருந்து மொட்டைமாடியில் நின்று ‘கா, கா’ என்று கத்தித் தொண்டை போய்விட்டது. ஊரிலிருந்த அத்தனை காகமும் வந்தது. கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புருஷன் ஏகாம்பரம் போய் இன்றோடு ஒரு வருடம்.

காகம் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. மணி மூன்று. ஒன்பது பேர் சுருண்டு கிடக்கிறார்கள்.

என்ன குறை என்று அவளுக்குத் தெரியும். மகனுக்கும் தெரியும். படையலில் அதெல்லாம் வைக்கக் கூடாது என்றுவிட்டான்.

அது இருபத்து மூன்றாவது ‘கூடாது’.

செத்தும் படுத்துகிற மனுஷன்.

“குடிச்சா அபராதம், தெரியுமில்ல?”

“நானா குடிக்கிறேன்?”

“அப்ப யாருக்கு ஊத்துற?”

“கேக்குறான் பாரு கேள்வி. பதினோரு வருஷம் யாரத் தொரத்துன? அவருக்குத்தான்.”

டில்லிபாபு பெஞ்சின் இடது ஓரத்தைப் பார்த்தார். அந்த மனிதர் கட்டிய அபராதத்தில் இன்னொரு பூங்காவே கட்டியிருக்கலாம். நீரூற்றோடு.

ஆனாலும் பலகை பலகைதான்.

“பாட்டிலத் தொறந்தாலே ஐநூறு யம்மா.”

அவள் நான்காக மடித்த நோட்டை நீட்டினாள். எதிர்பார்த்தே வந்திருந்தாள்.

“பேரு?”

“அவர் பேரையே எழுது.”

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. தகப்பன் பெயர், தெரு, கதவு எண் எதையும் அவர் கேட்கவில்லை.

ரேஷன் கார்டில் பேரை அடித்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலில் அடித்துவிட்டார்கள்.

இந்தத் தாளில் இருக்கிறார். இன்றைய தேதியில்.

ரசீதைக் கிளாஸுக்கு அடியில் வைத்தாள்.

மரத்திலிருந்து ஒரு காகம் இறங்கிப் பலகையின் மேல் உட்கார்ந்தது.

இலையைப் பார்த்தது. கிளாஸைப் பார்த்தது. டில்லிபாபுவின் கையிலிருந்த கம்பைப் பார்த்தது.

ஒரு அடி பின்னால் வைத்தது.

“யோவ், கட்டியாச்சுய்யா. எறங்கு” என்றாள்.

இறங்கவில்லை.

அவள் டில்லிபாபுவை முறைத்தாள்.

அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். கம்பைப் புல்லில் கிடத்தினார்.

கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.