மஞ்சள் கோடு

"எடது பக்கம் ஒடிங்க... இன்னும் ஒடிங்க... கல்லு இருக்குது... போதும், நிறுத்துங்க."

வேனுக்குள்ளிருந்து ராஜாம்பாளின் குரல் கேட்டதுமே கொளஞ்சியப்பனுக்குத் தலை கனத்தது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையோரம் இருபத்தாறு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறான். ஒரே வண்டி, ஒரே ஆயில் ஒழுகலுக்காக நாலாவது தடவை வந்து நிற்பது இதுதான் முதல்முறை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவள் புருஷன் சுப்புராயன். முப்பது வருடம் மலை ரூட்டில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வண்டியை ஓரங்கட்ட இவள் பாடம் எடுக்கிறாள். பள்ளம் என்பாள், எதிரே பஸ் என்பாள், ஒரு நிமிஷம் வாய் ஓயாது. இவளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று கொளஞ்சியப்பன் ஒவ்வொரு தடவையும் பரிதாபப்படுவான்.

ரிட்டயர் ஆனபோது கையில் வந்த பணத்தில் சுப்புராயன் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், ஸ்டவ், ஜன்னலுக்குத் திரை என்று சின்ன வீடாகவே ஆக்கியிருந்தார். முதல் பயணம் வெள்ளிமலைக்கு. தான் பஸ் ஓட்டிய வளைவுகளையெல்லாம் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டும். ஆனால் திருநாவலூர் வீட்டிலிருந்து கிளம்புகிற நாள் பார்த்து வண்டிக்கடியில் ஆயில் குளமாக நிற்கும்.

முதல் தடவை இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கை மாற்றினான். அடுத்த தடவை அடியில் இருக்கும் ஆயில் தொட்டியையே கழற்றி மாட்டினான். போன தடவை இன்ஜினின் ரப்பர் சீலை மாற்றினான். மூன்று தடவையும் அரை நாள் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தான், ஒரு சொட்டு இல்லை. வீட்டுக்குப் போனதும் ஒழுகியது.

போன தடவை பக்கத்து டீக்கடையில் அத்தனை பேர் இருக்க, ராஜாம்பாள் கேட்டே விட்டாள். "ஒழுவுற எடம் தெரியலியா தம்பி? உனக்குக் கண்ணு தெரியுதா இல்லியா?"

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம், பத்து வருடமாகப் பழகிய லாரிக்காரர் காசிநாதன்கூட வேறு பட்டறைக்குப் போய்விட்டார். இன்னொரு தடவை இந்த வேன் ஒழுகினால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றிவிட்டது. உடம்பும் முன்னைப் போல இல்லை.

சுப்புராயன் இறங்கி, வேனைத் தடவிக்கொண்டே முன்பக்கம் வந்தார். குனிந்து அடியில் கையை விட்டு, பிசுபிசுப்பை விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். இன்ஜின் ஆயில்தான் என்றார். பழைய டிரைவர்கள் மூக்காலேயே வண்டியைப் படித்துவிடுவார்கள் என்று கொளஞ்சியப்பன் நினைத்துக்கொண்டான்.

"இன்னிக்கு வூட்டுக்குப் போவப்போறதில்ல கொளஞ்சி. நீ முடிச்சதும் இப்படியே மல ஏறப் போறோம்" என்றார்.

ராஜாம்பாள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அதிசயம்தான். அவர் கையைப் பிடித்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேனுக்குள் போய் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

கொளஞ்சியப்பன் முதுகுவலியோடு வேனுக்கடியில் சரிந்தான். போன தடவை ஒரு காரியம் செய்திருந்தான். முறுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு, பக்கத்து இரும்பையும் சேர்த்து இழுத்திருந்தான். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

எல்லாக் கோடும் நேராக இருந்தது, ஆயில் இறக்குகிற நட்டைத் தவிர. அது அரை விரல் அளவு திரும்பியிருந்தது. யாரோ ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருக்காத டிரைவர் கைதான், வேறு யார்? மனுஷன் நோண்டிவிட்டு என் மானத்தை வாங்கியிருக்கிறார், முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுகிறேன் என்று வெளியே வந்தான்.

பின்கதவில் நின்று ராஜாம்பாள் டீ குடிக்கக் கூப்பிட்டாள். டம்ளரை வாங்கக் கை நீட்டியவன் அப்படியே நின்றான். சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அதன் வாயில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"நீயாக்கா?"

அவள் பெஞ்சுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குக் கண்ணு தெரியல தம்பி. ஒரு வருசமாச்சி. நான் சொல்லச் சொல்லத்தான் ஓட்டிக்கினு வராரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா உயிரோட இருக்கமாட்டாரு. ஊரு என்னை வாயாடின்னு சொல்லிட்டுப் போவட்டும். ஆனா அந்த மல வளைவுல நான் எதைன்னு சொல்லுவேன்?"

கொளஞ்சியப்பன் டீயை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனான்.

"இன்னா கொளஞ்சி, ஆயிடுச்சா?" என்றார் சுப்புராயன், அவன் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தபடி.

"ஆவாதுண்ணா. இன்ஜின் பிளாக்கே வெடிச்சிருக்குது. இனிமே இந்த வண்டி ஓடாது. அக்காவைப் பஸ்ல இட்டுக்கினு போய் மலையக் காட்டுங்க."

டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சுப்புராயன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மூணு தபா பாத்தியேப்பா. அப்பல்லாம் வெடிப்பு தெரியலியா?"

கொளஞ்சியப்பன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

"எங்கண்ணுக்குத்தான் தெரியலண்ணா."